சிம்பலுக்குப் பரல் கட்டிய கதை

நான் ட்ரம்ஸ் வாசிப்பவன். என்னிடம் 18 அங்குல கிராஷ் சிம்பல் ஒன்று இருக்கிறது; அழுத்தம் வேண்டிய இடத்தில் ஓங்கி அடிக்கும் வெண்கலத் தட்டு. விளிம்பை ஒட்டி அதில் ஆறு துளைகள். நான்கு காலி, இரண்டில் மட்டும் ரிவெட் என்னும் சிறு உலோகத் தண்டு தொங்குகிறது. பார்க்கிறவர்கள், "மற்ற நான்கும் கழன்று விழுந்துவிட்டனவா?" என்று கேட்பார்கள். விழவில்லை. நானேதான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அவற்றை ஏன் போட்டேன், ஏன் பிடுங்கினேன், அதற்குப் பிறகும் அடங்காமல் என்னிடம் இருந்த ஒரே நல்ல சிம்பலில் எப்படித் துணிந்து துளையிட்டேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் சிம்பலிலும் துளை போடும் ஆசை இருந்தால், ட்ரில்லை எடுப்பதற்கு முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

ரிவெட் போட்ட சிம்பலைக் கேட்டிராதவர்களுக்கு: தாளத்தை நடத்தத் தொடர்ந்து தட்டும் சாதாரண ரைட் சிம்பலைக் கோலால் தட்டினால் முதலில் 'டிங்' என்று ஓர் ஒலி, பின்னால் மெல்லக் கரையும் ரீங்காரம். அதே சிம்பலில் துளையிட்டு, துளைக்குள் தளர்வாக ஆடும்படி சிறு உலோகத் தண்டுகளைத் தொங்கவிட்டால், 'டிங்'குக்குப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல் தொற்றிக்கொள்கிறது. சிம்பல் அதிரும்போது தண்டும் துள்ளித் துள்ளி உலோகத்தின் மேல் விழுகிறது. நொடிக்கு எத்தனையோ முறை நடக்கும் அந்தச் சின்னச் சின்ன மோதல்கள்தான் காதில் சீறலாகக் கேட்கின்றன. சிலம்புக்குள் பரல் போட்ட அதே புத்திதான். தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஜீவா நூலை வைத்து நகர்த்தும்போது, ஒரு மயிரிழையில் தந்தி உயிர் பெற்று இரையத் தொடங்குமே, அதற்கும் இது தூரத்து உறவு. நூல் கொஞ்சம் தள்ளிப்போனால் தந்தி வெறுமனே ஒலிக்கும் அல்லது செத்துப்போகும். ரிவெட்டும் அப்படித்தான். இது எனக்கு முதலிலேயே தோன்றியிருந்தால் ஒரு சிம்பல் பிழைத்திருக்கும்.

ஜாஸ் கேட்பவர்களுக்கு இந்த ஒலி புதிதல்ல. ட்ரம்மர் ஆர்ட் பிளேக்கியின் ரைட் சிம்பலில் ரிவெட்டின் இரைச்சல் ஒரு புகைமண்டலம் போல இசைக்குழுவின் மேல் கவிந்திருக்கும். இன்னொரு ட்ரம்மர் மெல் லூயிஸ், விளிம்பு மேல்நோக்கி மடங்கிய சீன வகைச் சிம்பலில் ரிவெட் போட்டு, அதையே ரைடாக வாசித்துப் பெரிய குழுவைத் தாங்கினார். சிம்பல் செய்யும் ஜில்ஜியான் நிறுவனம் அந்த வகைக்கு 'ஸ்விஷ்' என்று பெயரிட்டு விற்றது. பெயரிலேயே ஒலி இருக்கிறது.

எனக்கு இந்த ஆசை வந்தது மெதுவான பாடல்களால். நாங்கள் மூவர்: பியானோ, டபுள் பேஸ், நான். மெதுவான உருப்படிகளில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் நிறைய வெளி இருக்கும். என் 20 அங்குல ரைட் மெல்லியது, நல்ல குரல் கொண்டது; ஆனால் மென்மையாகத் தட்டினால் சீக்கிரமே வற்றிவிடும். பியானோக்காரர் ஒரு சுரக்கூட்டை அழுத்தி விட்டுவிட்டு அது கரைவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். என் சிம்பல் அதற்குள் மௌனமாகியிருக்கும். கூட ஒரு தட்டு தட்டினால் அவசரக்காரனைப் போல் தெரியும். தட்டாமலேயே ஒலி நீள வேண்டும். அதற்கு ரிவெட்தான் வழி என்று முடிவு செய்தேன்.

முதலில் செய்தது, இப்போது யோசித்தாலும், சரியான காரியம். மின்விளக்கை இழுத்து அணைக்கும் கயிறுகளில் வருமே, சின்னச் சின்ன உருண்டைகள் கோத்த மணிச்சங்கிலி, அதில் ஒரு துண்டை வாங்கினேன். சிம்பலைத் தாங்கும் தண்டின் மேல்முனையில் அதைக் கட்டி, மறுமுனை சிம்பலின் மேல்பரப்பில் சாயும்படி விட்டேன். துளை வேண்டாம், பெரிய செலவு இல்லை, பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். சங்கிலியின் நீளம்தான் முக்கியம். கடைசி ஐந்தாறு மணிகள் மட்டும் உலோகத்தைத் தொட வேண்டும். நிறைய மணிகள் படுத்திருந்தால் சிம்பலின் மேல் கையை வைத்தது போல ஒலி அடங்கிவிடும். ஒரே ஒரு மணி தொட்டால் எப்போதாவது ஒரு 'டிக்' கேட்கும், அவ்வளவே.

சங்கிலி கொடுத்த ஒலி வறண்டது, குட்டையானது. மணலைக் காகிதத்தின் மேல் கொட்டியது போல இருந்தது. எனக்கு அது போதவில்லை. ஆனால் அதோடு வாசித்த மூன்று வாரங்களில் ஒன்று தெரிந்தது: சீறல் எனக்கு வேண்டும், ஆனால் எல்லாப் பாடலுக்கும் வேண்டாம். வேகமான உருப்படியில் ஒவ்வொரு தட்டும் தனித்துக் கேட்க வேண்டும். அங்கே சீறல் வந்தால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேறாகிவிடும். ரிவெட் ஆசை உள்ள யாரிடமும் நான் முதலில் சொல்வது, ஒரு மாதம் சங்கிலியோடு வாசியுங்கள் என்பதுதான். பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

எனக்குத் தீரவில்லை. துளையிடப் பழகிக்கொள்ள வீட்டில் கிடந்த பழைய 18 அங்குல கிராஷை எடுத்தேன். அது தகட்டிலிருந்து வெட்டிச் செய்த மலிவான வகை. நூற்றுக்கு 92 பங்கு தாமிரமும் 8 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். என் நல்ல ரைட் வார்ப்பு வெண்கலம். அதில் வெள்ளீயம் 20 பங்கு. இந்த வேறுபாடு வெறும் எண் அல்ல என்பது பிறகுதான் உறைத்தது.

ஆறு ரிவெட் என்று எங்கேயோ மனத்தில் பதிந்திருந்தது, ஆறே போட்டேன். இடைவெளியை அளக்க ஒரு நீளமான காகிதப் பட்டையைச் சிம்பலின் விளிம்பைச் சுற்றி ஒட்டி, மிச்சத்தைக் கத்தரித்து, பட்டையை எடுத்து ஆறாக மடித்தேன். மடிப்புக் கோடுகளை மீண்டும் விளிம்பில் வைத்து மார்க்கர் பேனாவால் குறித்தேன். ஒவ்வொரு குறியிலிருந்தும் 25 மில்லிமீட்டர் உள்ளே ஒரு புள்ளி. இந்த வரையில் எல்லாம் அழகாகவே நடந்தது.

அதற்கு மேல் வரிசையாகத் தவறுகள். சிம்பலைத் தரையில் ஒரு பழைய துணியின் மேல் வைத்துக் கால்களால் அழுத்திக்கொண்டு கையால் பிடிக்கும் ட்ரில்லை ஓட்டினேன். ட்ரில்லின் முனையில் சுழலும் பிட் பிடிமானம் இல்லாமல் வழுக்கி ஓடி, முதல் புள்ளிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு நீண்ட கீறலைப் போட்டது. வேகத்தைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். துளையைச் சுற்றி உலோகம் சூடேறி நிறம் மாறியது. மூன்றாவது துளையில் பிட் அடிப்பக்கம் வெளியே வரும் கணத்தில் உலோகத்தைக் கவ்வியது. சிம்பல் என் கால்களுக்கு அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு அரைச் சுற்று சுழன்றது. விளிம்பு கணுக்காலில் பட்டது. தடித்த காலுறை போட்டிருந்ததால் தோல் மட்டும் உரிந்தது. அந்த வேகத்தில் சுழலும் தகடு என்ன செய்யும் என்பதை அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

ஆறு துளையும் போட்டு ரிவெட் மாட்டியபோது இரண்டு ரிவெட் துளைக்குள் இறுகி அசையவே இல்லை. நான்கு மட்டும் ஆடின. இறுகிய துளைகளை இன்னும் பெரிதாக்கினேன். இப்போது அவை தேவைக்கு மேல் ஆடின. அன்று மாலை ஒத்திகையில் அந்தச் சிம்பலை ஒரே ஒரு முறை அடித்தேன். பேஸ் வாசிக்கும் நண்பன் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா, தகரக் கூரையில் மழை பெய்கிறதா?"

கோபம் வந்தது, அவன் சொன்னது சரியாக இருந்ததால் கூடுதலாக வந்தது. அடித்த அடியின் உருவமே கேட்கவில்லை. சிம்பல் என்று ஒன்று அங்கே இருப்பதாகவே தெரியவில்லை, வெறும் சலசலப்பு.

கெட்டுப்போன பொருளில் ஒரு வசதி உண்டு. மேலும் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் இருக்காது. அந்த வாரம் முழுவதும் அந்தக் கிராஷைத் தாங்கியில் மாட்டிவைத்து, குறடும் கையுமாக உட்கார்ந்தேன். ஒரு ரிவெட்டைக் கழற்றுவது, ஒரே பலத்தில் பத்து முறை தட்டுவது, கைப்பேசியில் பதிவு செய்வது, அடுத்ததைக் கழற்றுவது. ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கி வந்தேன்.

நான் நினைத்திருந்ததற்கு நேர்மாறாக இருந்தது. ரிவெட் அதிகமானால் சீறல் நீளும் என்று எண்ணியிருந்தேன். ஆறு இருந்தபோதுதான் ஒலி மிகச் சீக்கிரம் செத்தது. இரண்டு இருந்தபோது சீறல் மெலிந்திருந்தாலும் வெகுநேரம் இழுத்தது. யோசித்தால் புரிகிறது. ரிவெட் தன்னிடமிருந்து ஒலியைத் தருவதில்லை. அது துள்ளுவதற்கான சக்தி சிம்பலின் அதிர்விலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு ரிவெட்டும் அந்த அதிர்வில் ஒரு வாய் தின்கிறது. தின்றதைச் சலசலப்பாக மாற்றித் தருகிறது. ஆறு வாய் தின்றால் பண்டம் விரைவில் காலி. இதில் காதை ஏமாற்றும் வேலையும் உண்டு. ரீங்காரம் மெலிந்த பிறகும் சீறலின் கூர்மையான ஒலி காதில் விழுந்துகொண்டே இருப்பதால், சிம்பல் இன்னும் ஒலிப்பதாகத் தோன்றுகிறது. ஒலியின் அளவு அதிகமாவதில்லை. அதன் குணம் மாறுகிறது.

இன்னொன்றையும் அந்த வாரம் கவனித்தேன். சீறல் மெல்லக் கரைந்து மறைவதில்லை. ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் 'ஸ்ஸ்ஸ்' தனித்தனித் துகள்களாக உடைந்து, 'டிக்... டிக்' என்று இரண்டு சொட்டு விழுந்து, மௌனம். உலோகம் மட்டும் மிக மெல்ல முனகிக்கொண்டிருக்கிறது. அதிர்வின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தை மிஞ்சும் வரையில்தான் ரிவெட்டால் துள்ள முடியும். அதற்குக் கீழே இறங்கியதும் அது உலோகத்தின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. விளிம்புப் பக்கம் அதிர்வின் வீச்சு அதிகம் என்பதால் அங்கே தொங்கும் ரிவெட் நெடுநேரம் துள்ளும். நடுவை நோக்கி நகர்த்தினால் சீறல் குட்டையாகவும் அடக்கமாகவும் இருக்கும். 25 மில்லிமீட்டர் என்பது வேத வாக்கு அல்ல, பலருக்கும் ஒத்துவந்த ஒரு நடுவழி. ஆனால் விளிம்பை இன்னும் நெருங்க எனக்குத் துணிவில்லை. சிம்பல்கள் பெரும்பாலும் விரிசல் விடுவது விளிம்பில்தான். அங்கே துளையைக் கொண்டுபோய் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

நல்ல ரைடை எடுக்கும்போது தனியாகச் செய்யக்கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். லேத் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் ஒருவர் எனக்குப் பழக்கம். சிம்பலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் அதை வாங்கி, நடுத்துளையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, மறுகை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். ஒலி அடங்கும்வரை பேசவில்லை.

"தம்பி, இது நன்றாகத்தானே இருக்கிறது?"

"இருக்கிறது அண்ணா. மூன்று துளை வேண்டும்."

"போட்ட துளையை அடைக்க முடியாது, தெரியுமல்லவா?"

தெரியும் என்றேன். உண்மையில் துளை போட்டதால் மட்டும் சிம்பல் பாழாகிவிடாது. ரிவெட்டை எல்லாம் கழற்றிவிட்டால், காலித் துளைகளோடு அந்தக் கிராஷின் ஒலியில் எனக்கு எந்த வேறுபாடும் கேட்கவில்லை. விற்கப்போனால்தான் தெரியும். துளையிட்ட சிம்பலுக்கு விலை இறங்கும், உத்தரவாதக் காலம் மிச்சம் இருந்தாலும் பெரும்பாலும் அது அத்தோடு முடிந்துவிடும். அரிய பழைய சிம்பல் கையில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வேறொன்றை வாங்கித் துளையிடுங்கள்.

அவர் முதலில் செய்தது எனக்கு விளங்கவே இல்லை. புதிய பிட் ஒன்றை எடுத்து, அதன் வெட்டும் முனையின் கூர்மையைச் சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்து மழுக்கினார். கூர்மையான பிட்டைத்தானே எல்லாரும் தேடுவார்கள் என்று கேட்டேன். இரும்புக்கு அது சரி, பித்தளையிலும் வெண்கலத்திலும் கூர்முனை திருகாணியைப் போல உலோகத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும், அதனால்தான் கவ்வுகிறது என்றார். கணுக்காலில் பட்டதன் காரணம் அப்போது தெரிந்தது. வெள்ளீயம் அதிகமுள்ள வெண்கலம் கடினமானது, வளையாமல் உடையக்கூடியது. ஆணியடிப்பது போலக் குறி போட்டால் அந்த இடத்திலேயே விரிசலுக்கு விதை போட்டதாகிவிடும். எனவே குறி போடும் கூர்முனைக் கருவியான சென்டர் பஞ்சை ஓங்கி அடிக்கவில்லை. குறிக்கு மேல் காகிதப் பட்டையை ஒட்டினார். அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, பஞ்சின் தலையில் சிறு சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. பிட் உட்கார ஒரு மச்சம் அளவு குழி விழுந்தால் போதும்.

எந்த இடத்தில் துளை என்பதை நான் முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தேன். இதைப் பலர் யோசிப்பதில்லை. எந்தச் சிம்பலும் எல்லாப் பக்கமும் ஒரே கனம் இல்லை. சாய்த்து மாட்டிச் சுழற்றிவிட்டால், கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். ரைடை நம்மை நோக்கிச் சாய்த்துத்தான் மாட்டுகிறோம். கீழ்ப்பக்கம் என்றால் நம் கோல் விழும் பக்கம். மூன்று ரிவெட்டையும் ஒரே இடத்தில் கூட்டமாகப் போட்டால் அந்தக் கனம் சிம்பலைத் திருப்பி, ரிவெட்டுகளைக் கோலுக்கு நேர் அடியில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். ரிவெட்டின் தலையில் கோல் பட்டால் மட்டமான ஒரு 'டொக்' கேட்கும்.

எனவே சிம்பல் தானாக வந்து நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்தேன். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் மூன்று ரிவெட்டையும் பசைப்பட்டையால் ஒட்டி மீண்டும் சுழற்றிவிட்டேன். பழைய இடத்தில் நிற்கவில்லை; முழுதாகத் திரும்பவும் இல்லை. ரிவெட்டுகள் பக்கவாட்டில் போய் நின்றன, எனக்கு வலப்புறம். கோலுக்கு எட்டாத இடம் என்பதால் சரி என்று விட்டேன். பசைப்பட்டையோடு அடித்துப் பார்த்து ஒலியை முடிவு செய்யாதீர்கள். ஒட்டிய ரிவெட் துள்ளாது, பட்டையும் அதிர்வை அடக்கும். இந்தச் சோதனை கனத்துக்கு மட்டும்.

ஏன் சீராகப் பிரித்துப் போடாமல் கூட்டமாக? கிராஷில் இரண்டு ரிவெட்டை எதிரெதிர்ப் பக்கங்களிலும், பிறகு அடுத்தடுத்த துளைகளிலும் மாட்டிப் பார்த்தேன். அடுத்தடுத்து இருந்தபோது சிம்பலின் மற்ற பகுதி அதிகம் அடங்காமல் ஒலித்தது. சீறல் ஒரு பக்கத்திலிருந்து வந்து கலந்தது. என் காதுக்கு அது பிடித்தது. பெரிய குழுவுக்கு வாசிப்பவர்களுக்கு எட்டுத் துளைகள் சீராக இருப்பது பிடிக்கலாம். அவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

துளையின் அளவு இன்னொரு பாடம். என்னிடம் இருந்த ரிவெட்டின் தண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கழிவுத் தகட்டில் மூன்று அளவுகளில் துளையிட்டு மாட்டிப் பார்த்தோம். 3 மில்லிமீட்டரில் நகர்ந்தது, ஆனால் சோம்பேறித்தனமாக. 4 மில்லிமீட்டரில் தலையே ஒருபக்கம் துளைக்குள் சாய்ந்தது. மூன்றரையில் தகட்டை லேசாக அசைத்தாலே கலகலத்தது. தண்டைவிட அரை மில்லிமீட்டர் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் உங்கள் ரிவெட்டை வைத்து முதலில் ஒரு கழிவுத் தகட்டில் பார்த்துவிடுங்கள். பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

சிம்பல் தட்டையானது அல்ல, வளைந்தது. துளையிடும் இடத்துக்கு நேர் கீழே முட்டு இல்லாவிட்டால் அழுத்தத்தில் உலோகம் உள்வாங்கும். அவர் ஒரு மரக்கட்டையை எடுத்து, அதன் மேல்முகத்தைச் சிம்பலின் அடிவளைவுக்கு ஏற்ப அரத்தால் ராவி, ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவினார். இதற்கே அரை மணி நேரம் போயிருக்கும். துளையிடும் இயந்திரத்தின் மேசையில் கட்டையை வைத்து, அதன் மேல் சிம்பலை வைத்து, இரண்டு பக்கமும் தோல்துண்டு கொடுத்துக் கவ்விகளால் இறுக்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டோம். இயந்திரத்தின் மிகக் குறைந்த வேகம். ஒரு சொட்டு எண்ணெய். முதலில் 2 மில்லிமீட்டர் பிட்டால் வழித்துளை, பிறகு மூன்றரை.

அந்த நிமிடத்தை நான் நெருக்கத்தில் பார்த்தேன். பிட் இறங்க இறங்க, பொன்னிறத்தில் பொடிப் பொடியாகத் துகள் எழுந்து எண்ணெயில் குழைந்தது. இரும்பில் வருவது போலச் சுருள் சுருளாக வரவில்லை. அவர் கைப்பிடியை ஒரே சீராக அழுத்தவில்லை. கொஞ்சம் அழுத்துவார், விடுவார், துகளைத் தூரிகையால் தள்ளுவார், மறுபடி அழுத்துவார். அடிப்பக்கம் வெளியே வரப்போகும் தருணம் ஒலியிலேயே அவருக்குத் தெரிந்தது. அழுத்தத்தை அப்படியே தளர்த்திவிட்டார். பிட் மரத்துக்குள் மெல்ல இறங்கியது, கவ்வவில்லை. ஒரு துளைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் முன்பு ஒரு துளைக்குப் பத்து நொடி எடுத்திருப்பேன்.

பிறகு பிசிறு. துளையின் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத கூரான விளிம்பு எழுந்திருக்கும். விரலால் தடவினால் நகத்தில் மாட்டும். துளையைவிடப் பெரிய ஒரு பிட்டைக் கையில் பிடித்து, இயந்திரம் இல்லாமல், விரல்களால் மட்டும் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் அது போய்விடும். இதைத் தவிர்க்கவே கூடாது. பிசிறு இருந்தால் ரிவெட்டின் தண்டு அதில் தட்டி நிற்கும். தவிர, விரிசல் தொடங்குவதும் இப்படிப்பட்ட கூரான வெட்டில்தான். வழவழப்பான வட்டத் துளை அவ்வளவு ஆபத்தானது அல்ல. ஏற்கனவே விரிசல் விட்ட சிம்பலில், விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் நுனியில் வட்டத் துளை போடும் வழக்கமே உண்டு.

ரிவெட்டை மாட்டுவது மேல்பார்வைக்குச் சுலபம். நான் பயன்படுத்தியது தண்டின் நுனி இரண்டு கால்களாகப் பிளந்த வகை. தலை மேலே இருக்கும்படி துளையில் விட்டு, அடியில் கால்களைக் குறடால் விரித்துவிட வேண்டும். கிராஷில் நான் முதலில் கால்களைச் சிம்பலோடு ஒட்டும்படி மடக்கப் போனேன், விழுந்துவிடக் கூடாதே என்று. அப்படிச் செய்தால் அது ரிவெட் அல்ல, பூட்டு. துள்ள இடமே இல்லை. கால்களைச் சாய்வாக மட்டும் விரித்து, தலையை விரலால் தூக்கினால் சில மில்லிமீட்டர் மேலே வந்து தானாக விழும்படி விட வேண்டும். மூன்றையும் மாட்டிவிட்டுச் சிம்பலைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினேன். மூன்றும் தனித்தனிக் குரலில் பேசின. நடுவில் இருந்தது மட்டும் மந்தமாக இருந்தது. அதன் ஒரு காலை ஒரு சிறிது நிமிர்த்தியதும் அதுவும் சேர்ந்துகொண்டது.

அன்று ஒத்திகையில் பேஸ் நண்பன் எதுவும் சொல்லவில்லை. அவனிடம் அது பாராட்டு. பியானோக்காரர் இரண்டாவது உருப்படியில் வழக்கத்தைவிட நீளமாக ஓரிடத்தில் நிறுத்தினார். என் சிம்பல் அந்த இடைவெளி முழுவதும் சீறிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்து, சீறல் அந்தக் கடைசி இரண்டு சொட்டுகளாக விழுந்த பிறகுதான் அடுத்த சுரத்தைத் தொட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். என் கை மாற வேண்டியிருந்தது. ரிவெட் போட்ட சிம்பலில் எப்போதும் தட்டும் பலத்தில் தட்டினால், தட்டு ஒவ்வொன்றும் முந்தையதன் சீறலுக்குள் அமிழ்ந்துவிடுகிறது. கோலின் நுனியால் மெல்லத் தட்டிவிட்டு விட்டுவிடப் பழகினேன். கோலுக்குப் பதிலாக வைத்து வாசிக்கும் கம்பிப் பிரஷ்ஷுக்கு அது மிகவும் இணங்கியது. ஓங்கி அடித்தால் ரிவெட்டுகள் உலோகத்திலிருந்து எகிறிப் பறப்பதில் பாதி நேரத்தைக் கழிக்கின்றன, சீறல் கரடுமுரடாகிறது. உரத்த இசைக்கு வாசிப்பவர்கள் இந்த வேலைக்கு மெனக்கெடுவது வீண் என்று நினைக்கிறேன்.

ஒலிப்பதிவு அறையில் வேறு அதிர்ச்சி. ஒலிக்கலவை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டபோது சிம்பலைத் தவிர வேறெதுவும் இல்லாதது போல இருந்தது. தலைக்கு மேல் தொங்கும் மைக் இந்தக் கூர்மையான ஒலியை அப்படியே அள்ளிவிடுகிறது. பதிவில் ஒலியைச் சமப்படுத்தும்போது, தணிந்த ஒலிகள் மேலேறிச் சீறல் இன்னும் முன்னால் வந்துவிடுகிறது. பெரிய அரங்கில் இதற்கு நேர்மாறு. கூர்மையான அதிர்வெண்கள் தூரம் போகப் போகத் தேய்வதால், எனக்குக் காதைத் துளைக்கும் சீறல் பின்வரிசைக்கு ஒரு மூச்சாகத்தான் போய்ச் சேரும். எனவே பதிவு அறைக்குப் போகும்போது ஒரு ரிவெட்டைக் கழற்றிவிடுகிறேன், சில நாட்களில் இரண்டை. அரங்கென்றால் மூன்றும்.

சிம்பல் பையில் வைக்கும்போது இந்த ரைடுக்குத் தனி அறை கொடுங்கள், அல்லது நடுவே தடித்த துணி வையுங்கள். விரிந்த கால்கள் பக்கத்துச் சிம்பலின் முகத்தைப் பூனை பிறாண்டியது போல ஆக்கிவிடும். என் ஹை-ஹாட் என்னும் ஜோடிச் சிம்பலின் மேல் தட்டில் மூன்று கோடுகள் அப்படி வந்தவை.

கழற்றி மாட்டுவதிலும் ஒரு செலவு இருக்கிறது. பிளந்த கால்களை நிமிர்த்துவதும் விரிப்பதுமாக இருந்தால் நான்கைந்து முறைக்குள் வளைவில் உலோகம் களைத்துவிடும். ஒரு நிகழ்ச்சியில் மெதுவான உருப்படியின் நடுவே ஒரு ரிவெட்டின் கால் ஒடிந்து, தண்டு துளையிலிருந்து நழுவி, ஸ்நேர் ட்ரம்மின் மேல் விழுந்து ஒரு துள்ளுத் துள்ளி எங்கோ போனது. அவையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பேஸ் நண்பன் கவனித்தான்; வாசித்துக்கொண்டே குனிந்து தரையில் தேடினான். கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கோல் பையில் ஒரு சிறு குறடும், பழைய மருந்துப் புட்டியில் அரை டஜன் ரிவெட்டும் இருக்கின்றன. பையை எடுத்தாலே அந்தப் புட்டி கலகலக்கிறது.